பதில் இருந்த இடம்

பல்கலைக்கழகத்தில் கணக்கு படிக்கிறேன் என்று சொன்னால் உறவுக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். சட்டம் படிக்கிறேன் என்றால் கொஞ்சம் மரியாதையாகத் தள்ளி உட்காருவார்கள். ஊடகமும் தொடர்பியலும் படிக்கிறேன் என்று சொன்னால்தான் வம்பு. முகத்தில் முதலில் ஒரு குழப்பம் வரும், அடுத்து ஒரே ஒரு கேள்வி வரும்: "அப்போ டிவியில வருவியா?" வரமாட்டேன், கேமராவுக்குப் பின்னால் நிற்பேன் என்றால், "பின்னாடி நிக்கறதுக்கா மூணு வருஷம்?" என்பார்கள். பதில் சொல்லிச் சொல்லியே ரேடியோவுக்குப் பொறுமை தேய்ந்துவிட்டது.

ரேடியோ என்பது சித்தப்பா வைத்த பேர். மூன்று வயதில் அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாளாம். "இதுக்கு நிறுத்தற பட்டன் எங்கண்ணே இருக்கு?" என்று அவர் அவளுடைய அப்பாவைக் கேட்டாராம். பேர் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், விடுதிக்கு எதற்கு வீண் தண்டம், நம் வீடு இருக்கிறதே என்று சித்தப்பாவும் சித்தியும் அவளைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், அவள் அறை சும்மா கிடந்தது. அந்தப் பெண் விட்டுப்போன அலமாரியில் ரேடியோ தன் புத்தகங்களை அடுக்கினாள், அன்றைக்கே அவளும் அந்த வீட்டுப் பெண்ணாகிவிட்டாள்.

சித்தப்பா இருபத்து நான்கு வருடம் பேருந்து ஓட்டினவர். இரண்டு வருடத்துக்கு முன்னால், ரேடியோ முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, இறக்கத்தில் வந்த அவருடைய பேருந்து நிற்காமல் போய் ஒரு மதில் சுவரில் மோதியது. யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினொரு பேருக்குக் காயம், அதில் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்றார் சித்தப்பா. அப்படி ஒரு குறையும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார் பணிமனை மெக்கானிக். மோதுவதற்கு முன்னால் ஒரு போன் அடித்தது, டிரைவர் அதை எடுக்கத்தான் கையை நீட்டினார் என்று முன்சீட்டில் இருந்த பயணி ஒருவர் சொன்னார். விசாரணை சவ்வாக இழுத்தது. அது முடிகிறவரை வண்டியைத் தொடக்கூடாது என்று சித்தப்பாவைப் பணிமனையில் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பேருந்தில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிறதெல்லாம் அந்த அறைக்கு வரும். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, எக்ஸ்ரே படம், ஒரு தடவை ஒரு முழு செட் பொய்ப்பல். பல்லைக் கேட்டு மட்டும் யாரும் வரவில்லை. பல் இல்லாமல் வந்து எப்படிக் கேட்பது என்று கூச்சமோ என்னவோ.

வீட்டில் விபத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. சித்தி ஒரு நாளும் "அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?" என்று அவரைக் கேட்டதில்லை. புருஷன் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று ரேடியோ நினைத்துக்கொண்டாள். ஊர் ஆயிரம் பேசினாலும் ஒரு வார்த்தை கேட்காமல் நம்புகிற ஆள் ஒருத்தி வீட்டில் இருப்பது பெரிய பாக்கியம் என்று கம்புவிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

கம்பு அவளுடைய வகுப்புத் தோழி. நீளமான கம்பு முனையில் மைக்கைக் கட்டிப் பேசுகிறவர் தலைக்கு மேல் பிடிப்பது அவள் வேலை. ஆளும் அதே அளவில் இருந்ததால் பேர் சுலபமாக அமைந்தது. கடைசி வருடம் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து பத்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் அதற்குத்தான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நன்றாக வந்த மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்துப் பெரிய அரங்கத்தில் போடுவார்கள். டிவி சேனல்காரர்கள் வந்து பார்த்து, அங்கேயே பயிற்சி வேலைக்கு ஆள் எடுப்பார்கள். ரேடியோ முதல் வருடத்திலிருந்து அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

அவள் எடுத்தது தொலைந்த பொருள் அறையைப் பற்றிய படம். சித்தப்பா குடைகளை நிறவாரியாக அடுக்குவது, பொய்ப்பல்லைத் துணியில் சுற்றி வைப்பது, குடையைத் தேடி வருகிறவரிடம் "எத்தனை கம்பி உடைஞ்சிருக்கும், சொல்லுங்க" என்று குறுக்கு விசாரணை செய்வது எல்லாம் அதில் இருந்தது. காலையில் சித்தி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போடுகிற காட்சி ஒன்றையும் சேர்த்திருந்தாள். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். பாடம் நடத்துகிறவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்கு மாணவர்கள் வைத்த பேர் கட் சார். பத்து வருடம் செய்திச் சேனலில் எடிட்டராக இருந்துவிட்டு வந்தவர். யாருடைய படமாக இருந்தாலும் பாதியில் கை தூக்கி "இங்க கட் பண்ணு" என்பார். அன்றைக்கு முழுதும் பார்த்துவிட்டுத் தாடையைத் தேய்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு டிரைவர் எதுக்கு இங்க வந்து குடை எண்ணிட்டிருக்காரு? படம் பாக்கறவன் அதத்தானே கேப்பான்? அத விட்டுட்டு மத்த எல்லாத்தையும் சொல்ற. வலி எங்கம்மா?"

வலி இல்லாமல் படம் இல்லை என்பது அந்தத் துறையின் வேதம். ரேடியோ அடுத்த வாரமே பன்னிரண்டு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கம்புவையும் கேமராவையும் இழுத்துக்கொண்டு மறுபடி பணிமனைக்குப் போனாள். சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தலையை வாரி, சட்டைக் காலரைச் சரிசெய்து, "கேளு ரேடியோ" என்று உட்கார்ந்தார்.

ஒன்பதாவது கேள்வி அந்தக் கேள்வி. எட்டாவது முடிந்ததும் அவள் தண்ணீர் குடித்தாள்.

"அன்னிக்கு நீங்க போனை எடுக்கக் கைய நீட்டினீங்களா, சித்தப்பா?"

கேட்டு வாய் மூடவில்லை, பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கிற மெஷினைப் போட்டுவிட்டார்கள். காது கிழிகிற சத்தம். சித்தப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. முன்னால் சாய்ந்து, மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார். "இல்லம்மா" என்றது அவள் காதில் விழுந்தது. அது போதும் என்று அவள் கண் தாளில் பத்தாவது கேள்விக்குப் போய்விட்டது. பேட்டி எடுக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வருகிற வியாதி இது. எதிரே இருப்பவர் உயிரைக் கொட்டிக்கொண்டிருப்பார், இவர்கள் அடுத்து என்ன கேட்பது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்புவோ ஒலி அளவு காட்டுகிற முள் சிவப்புக்குப் போகிறதே என்று அதையே பார்த்துப் பதறிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் கெட்டுப்போச்சுடி. இன்னொரு தடவை கேளு" என்றாள் கம்பு.

சித்தப்பா தலையசைத்தார். "அதெல்லாம் ரெண்டு தடவை சொல்ல முடியாதும்மா. ஒரு தடவை சொன்னதே பெரிசு."

அதுதான் 'இல்லை' என்றுவிட்டாரே என்று ரேடியோ விட்டுவிட்டாள். மெஷின் நின்றதும் மிச்சக் கேள்விகளைக் கேட்டு முடித்தாள். கடைசியில் ரூம் டோன் எடுத்தார்கள். எந்த அறையும் முழு அமைதியாக இருப்பதில்லை. மின்விசிறி முனகும், ட்யூப்லைட் ரீங்காரம் போடும், ஜன்னல் கொஞ்சம் நடுங்கும். பேட்டியை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழுகிற ஓட்டைகளை அந்த அறையின் அமைதியைக் கொண்டுதான் அடைக்க வேண்டும். அதற்காக எல்லோரும் ஒரு நிமிடம் ஆடாமல் அசையாமல் இருக்க, அதைத் தனியாகப் பதிவு செய்துகொள்வார்கள். முதல் வருடம் முதல் வாரத்துப் பாடம் அது. "அங்கிள், ஒரு நிமிஷம் பேசக்கூடாது, அசையக்கூடாது" என்று கம்பு கண்டிப்பாகச் சொன்னாள். சித்தப்பாவும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்தார். மைக்கைக் கேமராவில்தான் சொருகியிருந்தார்கள், அதனால் அந்த ஒரு நிமிடம் அவர் முகமும் சேர்ந்தே பதிவானது.

புதன்கிழமை காலை எடிட்டிங் அறையில் ரேடியோ அந்தப் பதிலோடு மல்லுக்கட்டினாள். இரைச்சலைக் குறைக்கிற வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தாள். சித்தப்பா தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி ஆனாரே தவிர, அந்த முதல் சொல்லுக்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. வெறுத்துப்போய் மிச்சத்தை ஓடவிட்டாள். கடைசியில் ரூம் டோன் வந்தது.

சித்தப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கண் தாழ்ந்தது. தாடை இறுகியது. எச்சில் விழுங்கினார். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார். எதையோ சொல்ல வந்து அடக்குகிற முகம். ரேடியோவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அந்த நிமிடத்தில் பதினொரு விநாடியை வெட்டி எடுத்து, ஒன்பதாவது கேள்விக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். கேள்வி முடிகிறது. அவர் பேசவில்லை. கண் தாழ்கிறது. பதினொரு விநாடி. பிறகு குடைகள். அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

பின்னால் நின்ற கம்பு, "ஏய், அது ரூம் டோன்" என்றாள்.

"தெரியும்."

"அவரு பதில் சொன்னாருடி."

"சொன்னது கேக்கலையே. நான் புதுசா எதையும் சேக்கல. அவரு ஆமான்னு சொன்னாருன்னு நான் எங்க சொன்னேன்?"

"நீ சொல்லல, படம் சொல்லுது. மௌனம் சம்மதம்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"பாக்கறவங்க அவரு மேல பரிதாபம்தான் படுவாங்க, கம்பு."

அவள் அதை நம்பியே சொன்னாள். அவளைத் திட்டலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் இருபது வயதில் கைக்கு ஒரு நல்ல காட்சி அகப்பட்டு, அதைக் கீழே போட்டவர்கள் எத்தனை பேர்?

மறுநாள் வகுப்பில் படம் ஓடியபோது அந்த இடத்தில் ஒருத்தர்கூட இருமவில்லை. கட் சார் கை தூக்கவே இல்லை. முடிந்ததும், "அந்த இடத்துல கட் பண்ணாம விட்ட பாரு, அங்கதான்மா நீ எடிட்டர் ஆயிட்ட" என்றார். மூன்று படங்களில் முதல் படமாக அவள் படத்தை எழுதினார். பணிமனையில் அனுமதி வாங்கி எடுத்ததால் அங்கிருந்து அதிகாரிகளுக்கும் அழைப்பு போகும் என்று துறை அலுவலகத்தில் சொன்னார்கள். விசாரணை நடத்துகிறவரும் வருவார். அதைக் கேட்டதும், படத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ரேடியோ யோசித்தாள். பயிற்சி வேலையை நினைத்துக்கொண்டாள், அந்த யோசனையை விட்டுவிட்டாள்.

துறையில் ஒரு விதி உண்டு. படத்தில் வருகிறவர்கள் முடிந்த படத்தைப் பார்த்துச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சித்தப்பாவுக்கு ஒரு தாள், இஸ்திரி போட்ட சித்திக்கு ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா வேலைக்குப் போயிருந்தார். சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துச் சித்தியை உட்கார வைத்தாள் ரேடியோ.

சித்தி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்ப்பல்லுக்குச் சிரித்தாள். "என் முதுகு இவ்வளவு வளைஞ்சா இருக்கு? சொல்லியிருந்தா நிமிந்து நின்னிருப்பேனே" என்றாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. பதினொரு விநாடி ஓடியது. மடித்துக்கொண்டிருந்த துண்டு சித்தியின் கையில் பாதியில் நின்றது. படம் முடிகிறவரை அவள் அதை மடிக்கவில்லை.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

ரேடியோ காட்டினாள். சித்தி ஒழுங்காக, முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்தாள்.

"அப்போ எடுத்திருக்காரு."

"என்னது சித்தி?"

"போன. அத எடுக்கத்தான் கைய நீட்டியிருக்காரு. நீ கேட்டதும் எப்படித் தலை குனிஞ்சுட்டாரு பாரு." சித்தி துண்டை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தாள். "அந்த போன் பண்ணினது நான்தான்டி."

ரேடியோவுக்கு முதலில் புரியவில்லை.

"மூணு நாப்பதுக்குக் கூப்பிட்டேன். தலை போற காரியமா? வரும்போது ஒரு பல்பு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லத்தான். அடிச்சு அடிச்சு நின்னுபோச்சு. சாயந்தரம் ஆஸ்பத்திரியில வெச்சு சொல்றாங்க, மூணு நாப்பதுக்கு மோதிச்சுன்னு. ஒரு பல்புக்காக, அந்த டீச்சரம்மா கால்..." சித்தியால் முடிக்க முடியவில்லை. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதாள். "ரெண்டு வருஷமா நான் கேக்கல. கேட்டா ஆமான்னு சொல்லிடுவாரோன்னு பயம். அவரும் ஏன் கூப்பிட்டேன்னு ஒரு நாள் கேட்டதில்ல. என்னைக் காட்டிக் கொடுக்காம இருக்காரு, அவ்வளவுதான். இப்ப பாரு, நீ கேட்டதும் உன்கிட்ட பொய் சொல்ல மனசு வரல அவருக்கு."

நம்பிக்கை என்று ரேடியோ இரண்டு வருடமாகப் பார்த்துப் பூரித்தது முழுக்கப் பயமாக இருந்திருக்கிறது. கேட்காமலே நம்புகிறாள் என்று நினைத்தவள், கேட்கப் பயந்து பயந்து இந்தச் சமையலறையில் மூன்று வேளையும் சமைத்திருக்கிறாள்.

"சித்தி, அது அப்படி இல்ல. அந்த முகம் வேற நேரத்துல எடுத்தது. நான்தான் அங்க ஒட்டினேன். சித்தப்பா இல்லன்னுதான் சொன்னாரு."

சித்தி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. அன்பாகத்தான் பார்த்தாள்.

"எனக்காகச் சொல்லாதே கண்ணு. முப்பது வருஷமா அந்த முகத்தைப் பாக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா சித்தி."

"சரி சரி. விடு."

பொய்யை நம்ப வைக்கப் பதினொரு விநாடி போதுமாக இருந்தது. உண்மையைச் சத்தியம் பண்ணிச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாகப் படுகிறது. வெட்டாத மூலப் பதிவு கம்புவின் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. ரேடியோ பின்வாசலுக்குப் போய் அவளைக் கூப்பிட்டாள்.

"ஒரிஜினல் எடுத்துட்டு வீட்டுக்கு வாடி. உன் ஹெட்போனும் வேணும். உடனே."

கம்புவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சித்திகிட்ட காட்டிட்டியா?" என்றாள். பிறகு, "கிளம்பிட்டேன்" என்றாள்.

காத்திருந்த நேரத்தில் ரேடியோ கட் சாருக்குச் செய்தி அனுப்பினாள். சார், என் படத்துல அந்த மௌனம் நிஜமில்ல, அது ரூம் டோன், என்று. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "தெரியும்மா. பத்து வருஷம் எடிட் பண்ணினவனுக்கு ரூம் டோன் முகம் தெரியாதா? எல்லாரும் செய்யறதுதான். மனசப் போட்டுக் குழப்பிக்காதே."

அதை மூன்று தடவை படித்தாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குத் தன் கேமராவைத் தூக்கிக் கொடுக்கிறவர். அந்தப் பத்து வருடத்தில் எத்தனையோ முகங்களை எத்தனையோ கேள்விகளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அவற்றில் ஒன்றுகூட அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து யாரையும் அழ வைத்ததில்லை, அவ்வளவுதான். "என் படத்தை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க சார்" என்று எழுதினாள். கட்டை விரல் அனுப்புகிற பொத்தானுக்கு மேலேயே நின்றது. மகள் டிவியில் வேலைக்குப் போகப் போகிறாள் என்று அப்பா அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். உள்ளே சித்தி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு அவளுக்கும் அழுகை வந்தது.

கம்பு முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. பதிவைத் திறந்து, ஒன்பதாவது கேள்விக்குக் கொண்டுபோய், ஹெட்போனைச் சித்தியின் தலையில் மாட்டினாள்.

"ஆன்ட்டி, மெஷின் சத்தம் பயங்கரமா இருக்கும். நானும் எவ்வளவோ பாத்துட்டேன், முதல் வார்த்தைக்கு மேல ஒண்ணும் விளங்காது. ஆனா அவரு பேசறது தெரியும். பேசாம உக்காரல, அத மட்டும் பாருங்க."

சித்தி பார்த்தாள். முன்னால் சாய்ந்து, கையை ஆட்டி, நீளமாகப் பேசுகிற புருஷனைப் பார்த்தாள். "மறுபடி போடு" என்றாள். கம்பு போட்டாள். "இன்னொரு தடவை." மூன்றாவது தடவை சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவது தடவை அவள் உதடு அசைய ஆரம்பித்தது. காதில் விழுவதை ஒவ்வொன்றாக வெளியே சொன்னாள்.

"இல்லம்மா... இறக்கத்துல மிதிச்சேன்... பெடல் அப்படியே தரையோட போயிடுச்சு... இன்னொரு தடவை போடு... அப்புறம்தான் போன் அடிச்சுது... பின்னாடி பையில கெடந்துச்சு, திரும்பல... கைய நீட்டினது ஹேண்ட் பிரேக்குக்கு..."

கம்பு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விலை உயர்ந்த மைக்கும், எடிட்டிங் அறையின் மென்பொருளும் கைவிட்ட குரல் அது. இரும்பு அறுபடுகிற சத்தத்துக்கு அடியிலிருந்து அதைப் பொறுக்கி எடுக்க, முப்பது வருடமாக அந்தக் குரலைக் கேட்ட காது வேண்டியிருந்தது.

"வீட்டுலேர்ந்துதான்னு தெரியும்... விசாரணையில அவ பேர நான் இழுக்கல... அவகிட்டயும் பேசல..." சித்தியின் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "பேசினா, தன்னாலதான்னு நினைச்சு மருகுவா."

ரேடியோ திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தச் சொல்லெல்லாம் அவளுக்குச் சொன்னவை. இரண்டடி தூரத்தில், அவள் முகத்தைப் பார்த்து, சொந்தச் சித்தப்பா சொன்னவை. அப்போது அவள் படித்துக்கொண்டிருந்த பத்தாவது கேள்வி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை குடை வரும் என்பதுதான் அந்தக் கேள்வி. மூன்று வருடம் தொடர்பியல் படித்தவளுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

நாலரை மணிக்குச் சித்தப்பா வந்தார். மேசையைச் சுற்றி மூன்று பெண்களும் அழுத கண்ணோடு இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் கண் திரைக்குப் போனது. பதிவு கடைசிவரை ஓடி, தலை குனிந்த அவர் முகத்தில் நின்றிருந்தது.

"இது அந்த ஒரு நிமிஷம்தானே? ஐயோ, அன்னிக்கு மூக்கு அரிச்சு உயிரே போயிடுச்சு. அசையக்கூடாதுன்னு இந்தப் பொண்ணு மிரட்டின மிரட்டுல சொறியவும் முடியல."

கம்புவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். ரேடியோ சிரிக்கவில்லை.

"சித்தப்பா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீங்க சொன்ன பதிலை எடுத்துட்டு, அந்த இடத்துல இந்த முகத்தை வெச்சுட்டேன். பாக்கறவங்களுக்கு நீங்க ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும். சித்தி அதைப் பாத்துட்டாங்க."

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் சித்தியைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது. என்னவோ சொல்ல வாயெடுத்தார். சித்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவளை அப்புறம் திட்டிக்கலாம். உக்காருங்க."

சித்தி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, அன்னிக்கு நான் கூப்பிட்டப்போ, போன எடுக்கக் கைய நீட்டினீங்களா?"

சித்தப்பா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். கம்புவின் விரல் பழக்கதோஷத்தில் பதிவுப் பொத்தானைத் தேடியது. ரேடியோ அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீ கேக்கவே மாட்டேன்னு நினைச்சேன்" என்றார் சித்தப்பா.

"இல்ல" என்றுதான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது, நடுவில் யாரும் எதுவும் கேட்கவில்லை.